வெள்ளிக்கிழமைப் பார்லி

சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காலையில் கூடும் பெண்கள் ஐந்தாறு பேர் இருக்கிறோம். எழுபதைத் தாண்டிய பிறகு எங்கள் பேச்சு எங்கே சுற்றினாலும் தண்ணீரில் வந்துதான் நிற்கிறது. ஒருத்தியை டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். இன்னொருத்தியை அளந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் டாக்டர் பேச்சைக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். போன வாரம் ஒருத்தி பிளாஸ்க்கில் பார்லித் தண்ணீர் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினாள். நான் கோப்பையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"குடி லா. சூட்டுக்கு நல்லது," என்றாள்.

குடித்தேன். குடித்ததும் என் கை தானாக இடது விலாவுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. அங்கே என்ன என்று ஒருத்தி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அது சுத்தப் பொய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன். என் வயதுக்காரர்களான உங்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். உங்கள் வீட்டிலும் சூடு என்ற ஒரே வியாதிதான் இருந்திருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டின் மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. கீழே மிளகாய் அரைக்கும் மில். அது ஓடத் தொடங்கினால் சந்து முழுக்கத் தும்மும். தும்மிக்கொண்டே பூக்காரர்கள் மல்லிகை தொடுப்பார்கள், தும்மிக்கொண்டே பால்காரர் மாட்டை ஓட்டிப் போவார். வீட்டுக்குப் பின்னால் சுருண்டு சுருண்டு இறங்கும் இரும்புப் படி ஒன்று இருந்தது. அந்தப் படியோரம் வீட்டுக்காரச் சீன அம்மா தொட்டிகளில் செடி வளர்த்தார். அவரை எல்லாரும் ஆசோ என்று கூப்பிடுவோம். எங்கள் அடுப்புக்கு அடுத்த அடுப்பு அவருடையது.

அம்மாவுக்குச் சீனம் தெரியாது, ஆசோவுக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் சந்தை மலாய். அந்தக் கொஞ்சத்தில் அவர்கள் அதிகம் புழங்கிய வார்த்தை பானாஸ். சூடு என்று அர்த்தம். எனக்குக் கண் சிவந்தால் பானாஸ், வாயில் புண் வந்தால் பானாஸ், வியர்க்குரு வந்தாலும் பானாஸ். சாமியிலும் சாப்பாட்டிலும் ஒத்துப்போகாத இரண்டு பெண்கள் என் உடம்பின் சூட்டைப் பற்றி மட்டும் ஒரே கட்சியாக இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல். மிளகும் சீரகமும் பொரித்த நல்லெண்ணெயை உச்சியில் வைத்துத் தட்டுவாள் அம்மா. சீயக்காய் கண்ணில் இறங்கும். சாம்பிராணிப் புகையில் தலை காய்ந்ததும், நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் மங்குக் கூஜா வரும். அது நிறையப் பார்லித் தண்ணீர். ஆசோ கொடுத்த பூசணிச் சர்க்கரையும், அதாவது பாகில் ஊறிக் காய்ந்த பூசணித் துண்டும், வாசனைக்குப் பாண்டான் இலையும் போட்டுக் காய்ச்சியது. எண்ணெய் தேய்த்த நாளில் குளிர்ச்சியானது கூடாதென்று எனக்குத் தயிரைக்கூடக் கண்ணில் காட்டமாட்டாள். பார்லியை மட்டும் வெதுவெதுப்பாகக் கொடுத்துவிட்டால் தப்பில்லை என்று அவளாக ஒரு சட்டம் போட்டிருந்தாள். நான் கூஜாவைக் காலி செய்யும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அந்தப் பாண்டான் வாசனை எனக்கு இப்போதும் பிடிக்கும். குடிக்கத்தான் யோசிப்பேன்.

எனக்கு மதியப் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை இரண்டாம் பாடம் மனக்கணக்கு. ஆசிரியை கேள்வியைச் சொல்லி மேசையில் தட்டுவார், அடுத்த தட்டுக்குள் விடையை எழுதிவிட வேண்டும். எனக்கு அந்த நேரத்தில்தான் வலி தொடங்கும். இடது பக்கம், விலாவுக்குக் கீழே, உள்ளுக்குள் யாரோ முழங்கையை வைத்து அழுத்துவது போல. பிறகு வாந்தி. பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துவிடுவேன். பள்ளிக்கூடத்து ஆயா என் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார். சாயங்காலம் வரை பாயில் சுருண்டு கிடப்பேன். அம்மா வயிற்றைத் தடவிக்கொடுப்பாள். இடது பக்கம் கட்டியாக ஏதோ திரண்டு நிற்கும். "வாயு திரளுது," என்று ஓமத்தைக் கசக்கிக் கொடுப்பாள். இருட்டும்போது வலி தானாக வடியும், கட்டியும் போய்விடும். மறுநாள் காலையில் சந்து முனை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போது வலிக்கு அடையாளமே இருக்காது. அவர் பூச்சி மருந்து எழுதிக் கொடுப்பார்.

அப்பா துறைமுகத்தில் கிராணியாக இருந்தார். குமாஸ்தாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிற புத்தி அவருக்கு. வெள்ளிக்கிழமை வலி, வெள்ளிக்கிழமை மனக்கணக்கு என்று இரண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டார்.

"கிழமை பாத்து வர்ற வலிய நான் எங்கயும் பாத்ததில்ல," என்றார் அம்மாவிடம், எனக்குக் கேட்கும்படியாக.

"புள்ள வாந்தி எடுக்குதுங்க."

"பயத்துல எடுக்கும். கணக்க ஒழுங்கா படிச்சா நின்னுடும்."

ஆசிரியைக்கும் அதே எண்ணம்தான். வெள்ளிக்கிழமைகளில் நான் கையைத் தூக்கினாலே அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கிழமையைக் கண்டுபிடித்த வரையில் அப்பா சரி. அந்தக் கிழமையில் கூஜாவும் வருகிறது என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. காலையில் அவர் வேலைக்குப் போன பிறகுதான் கூஜா வரும்.

எனக்குத் தெரிந்திருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு தெரியாதா? ஒரு தடவை அம்மாவிடம் சொல்லியும் பார்த்தேன்.

"அம்மா, பார்லி குடிச்சாத்தான் வலிக்குது."

அவள் கோபப்படவில்லை. என் தலையைத் தடவினாள். "அப்படித்தான் பாப்பா இருக்கும். குளிர்ச்சி உள்ள போகும்போது சூடு எதிர்த்து நிக்கும். ரெண்டும் சண்ட போடுறதுதான் அந்த வலி. விடாம குடிச்சா சூடு தோத்துப்போயிடும்."

அடுத்த வாரத்திலிருந்து ஒரு கூஜா ஒன்றரைக் கூஜா ஆனது. என்ன அழகான விளக்கம் பாருங்கள். எந்தப் பக்கம் ஓடினாலும் பார்லியில்தான் போய் விழவேண்டும். இன்றைக்கும் எனக்கு அவள்மேல் கோபம் வருவதில்லை. அவ்வளவு அன்பாக ஒருத்தி தப்பு செய்யும்போது யாரால்தான் தடுக்க முடியும்.

அதனால் நானே ஒரு வழி செய்துகொண்டேன். அம்மா உலையைப் பார்க்க எழுந்து போகும் நேரத்தில் கூஜாவைத் தூக்கிக்கொண்டு பின்படிக்குப் போய் ஆசோவின் செடித்தொட்டியில் ஊற்றிவிடுவேன். அப்படி ஊற்றிய வெள்ளிக்கிழமைகளில் வலி வராது. மனக்கணக்கிலும் மோசமில்லாமல் வாங்கினேன். அப்பா அதைப் படிப்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டார், அம்மா பார்லியின் கணக்கில்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் படியில் வழுக்கியது. இரவு பெய்த மழையில் இரும்புப் படி ஈரமாக இருந்தது. கூஜா ஒரு பக்கம் உருள, என் இடது விலா கைப்பிடிக் கம்பியில் மோதியது. பெரிய அடி ஒன்றும் இல்லை. எழுந்து, கூஜாவைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் குளியலறைச் சிமெண்டுத் தரையில் நான் உட்கார்ந்து எழுந்தபோது, ஓடிய தண்ணீர் ரோஸ் சிரப் நிறத்தில் இருந்தது. துணி எடுக்க வந்த அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேன் என்று நினைத்துவிட்டாள்.

அன்றைக்கு நடந்ததை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அறை மூலையில் பாய் போட்டு என்னை உட்காரவைத்தாள். தனித் தட்டு, தனித் தம்ளர். பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய் ஊற்றினாள். ஆசோ எட்டிப் பார்த்து விஷயம் புரிந்து இன்னும் நான்கு முட்டை கொண்டுவந்து வைத்தார். அப்பா வேலை முடிந்து வந்து வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே வர அவருக்குக் கூச்சம்.

"பத்து வயசுலயா?" என்று மட்டும் கேட்டார். கணக்கு பொருந்தவில்லை என்ற குரல் அது.

காலையில் அம்மா துணியைப் பார்த்தாள். ஒரு கறையும் இல்லை. என்னைக் குளியலறைக்கு அழைத்துப் போய்ப் பக்கத்திலேயே நின்றாள். மறுபடி அதே சிவப்பு, சிறுநீரில் மட்டும். "ஏங்க," என்று அவள் அப்பாவைக் கூப்பிட்ட குரல் அதற்கு முன் நான் கேட்காதது. "இது அது இல்லங்க. புள்ளைக்கு உள்ள என்னமோ ஆயிடுச்சு." அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே டாக்ஸி பிடிக்க ஓடினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டு. டெட்டால் வாசனையும் காய்ச்சிய பால் வாசனையும் கலந்து வரும். என்னைப் பார்த்தவர் இளம் சீன டாக்டர், அறுவை செய்கிறவர். ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் புரிந்தது, அம்மாவுக்கு ஒரு தமிழ் மிஸ்ஸி சொன்னார். நர்ஸ்களை அப்போது மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். எங்கே விழுந்தாய் என்று டாக்டர் கேட்டார். பின்படியில் என்றேன். படியில் என்ன வேலை என்றார். பார்லித் தண்ணீரைக் கொட்டப் போனேன் என்றேன். ஏன் கொட்டினாய் என்றார்.

"குடித்தால் வலிக்கும்," என்றேன்.

மிஸ்ஸி அதையும் சேர்த்து அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். கொட்டினேன் என்பதே அம்மாவுக்குப் புதுச் செய்தி. "அது சூடு எதிர்த்து நிக்கிறது டாக்டர்," என்று அவசரமாகச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. வலிக்கும்போது எங்கேயாவது வீங்குமா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். வாயு திரளும் என்று அம்மா என் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். அப்பா குறுக்கிட்டு, வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மனக்கணக்குப் பரீட்சை இருக்கும் என்று ஆங்கிலத்தில் விளக்கினார்.

"மனக்கணக்கில் இந்தப் பக்கம் வீங்காது," என்றார் டாக்டர்.

அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. என்னை ஒருவர் நம்பிவிட்டார் என்பதில் எனக்கு அழுகையே வந்தது. வலியில் வந்த அழுகை என்று நினைத்து மிஸ்ஸி தலையணையைச் சரிசெய்தார்.

சிவப்பு நின்ற பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். முதல் நாள் ராத்திரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்றார்கள். எனக்கு அதுவே பெரிய விடுமுறை. கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றினார்கள். உடம்பு முழுக்கச் சூடாக ஓடியது. சில்லென்ற பலகையில் படுக்கவைத்து, மூச்சைப் பிடி, விடு என்று படம் படமாக எடுத்தார்கள். ரத்தத்தில் ஏறிய மருந்து சிறுநீரகம் வழியாக இறங்கும்போது படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம். வலது பக்கம் உடனே தெரிந்தது. இடது பக்கம் நெடுநேரம் இருட்டாகவே இருந்து, மதியத்துக்கு மேல்தான் மங்கலாக, ஊதிய பை போலத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் டாக்டர் அந்த விசித்திரமான உத்தரவைப் போட்டார். வீட்டில் கொடுப்பது போலவே பார்லி காய்ச்சி, அதே அளவு கொண்டுவர வேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "டாக்டரே பார்லி கேக்குறாரு," என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் ஆசோவின் பூசணிச் சர்க்கரை போட்டு, கூஜாவைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

குடித்தேன். எனக்குத் தெரியும் என்ன வரும் என்று. தெரிந்துகொண்டே குடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னார் என்பதற்காகக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் முழங்கை அழுத்தத் தொடங்கியது. பிறகு வாந்தி. டாக்டர் வந்து இடது பக்கம் கையை வைத்தார், தலையை ஆட்டினார். பிறகு அம்மாவின் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். இந்தத் தடவை அம்மாவிடம் அவரே நேராகச் சந்தை மலாயில் பேசினார்.

"உங்கள் வீட்டுப் பக்கம் லோங்காங் அடைத்துக்கொண்டு மழையும் பெய்தால் என்ன ஆகும்?"

லோங்காங் என்றால் தெருச் சாக்கடை. எங்கள் சந்தில் அது எப்போதும் அடைத்துக்கொள்ளும், மில்காரர் மூட்டைகளை மேசைமேல் ஏற்றுவார். "தண்ணி வீட்டுக்குள்ள ஏறும்," என்றாள் அம்மா.

"இங்கேயும் அதுதான். இந்தக் கிட்னியிலிருந்து இறங்கும் குழாய் தொடக்கத்திலேயே குறுகலாக இருக்கிறது. பிறவியிலேயே அப்படி. கொஞ்சமாகக் குடித்தால் கொஞ்சமாக வடிந்துவிடும். ஒரே நேரத்தில் நிறையக் குடித்தால் தேங்கி வீங்கும்."

அம்மா என் வயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கூஜாவைப் பார்த்தாள். தமிழில், யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"மழைய நான்தான் ஊத்தியிருக்கேன்."

மிஸ்ஸி அதை டாக்டருக்குச் சொல்லவில்லை. அந்த வலியிலும் எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் அப்பாவிடம் பேசியது எனக்குக் கேட்டது. திறந்து பார்த்தால்தான் தெரியும். இத்தனை நாள் தேங்கி வீங்கியதில் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தால் எடுத்துவிட வேண்டும். நன்றாக இருந்தால் குறுகின இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, அகலமாக மறுபடி தைக்கலாம். அப்பா ஒரு கேள்விதான் கேட்டார், ஒன்றோடு வாழ முடியுமா என்று. முடியும் என்றார் டாக்டர். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியையப் பாத்தேன். நீ பொய் சொல்லலன்னு சொல்லிட்டு வந்தேன்," என்றார். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பதை அவர் சொல்லவில்லை.

மயக்கம் கொடுத்த ஈதர் வாசனைக்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது நாக்கின் வறட்சிதான். விலாவைச் சுற்றி இறுக்கமான கட்டு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்கி, கட்டிலுக்குக் கீழே கண்ணாடிப் புட்டியில் போய் முடிந்தது. மிஸ்ஸியின் முகம் தெரிந்தது.

"இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. உன்னோடது உங்கிட்டயேதான் இருக்கு," என்றார்.

அதன் பிறகு அப்பா தினமும் வேலை விட்டு வந்ததும் என் முகத்தைப் பார்க்கும் முன் குனிந்து புட்டியைப் பார்ப்பார். நிறம் தெளிந்துவிட்டது என்று வார்டுக்கே அறிவிப்பார். நான் முதன்முதலாக எழுந்து நடந்தபோது புட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது அவர்தான். கழுத்தில் டை கட்டி ஆபீஸ் போகிற மனிதர், மகளின் மூத்திரப் புட்டியைத் தீர்த்தக்குடம் போலப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா மட்டும் எனக்குத் தண்ணீர் தருவதில்லை. இப்போது நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டரே சொல்லியும் தம்ளரை அவள் கை தொடாது. மிஸ்ஸியைக் கூப்பிடுவாள்.

குழாயை எடுத்து, தையலைப் பிரித்து வீட்டுக்கு வந்தபோது கூஜா இல்லை. பழைய சாமான் வாங்குகிற காராங்குனிக்காரனிடம் அம்மா சும்மாவே கொடுத்துவிட்டாளாம். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டாள். சாம்பிராணி போட்டாள். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

சில மாதம் கழித்து டாக்டர் மறுபடி வரச் சொன்னார். அதே பார்லி, அதே அளவு. தைத்தது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் மறுபடி திறக்க வேண்டும், அப்போது எடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்றார். அம்மா அடுப்பைப் பற்றவைக்க மறுத்துவிட்டாள். ஆசோதான் தன் கெட்டிலில் காய்ச்சிக் கொடுத்தார். பூசணிச் சர்க்கரை போட்டாரா என்று தெரியவில்லை, எனக்கு ருசியே தெரியவில்லை.

அம்மாவும் நானும் ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். குடித்து முடித்ததும் அவள் என் சட்டைக்குள் கையை விட்டு, தழும்புக்குப் பக்கத்தில் உள்ளங்கையைப் பதித்தாள். கை சில்லென்று இருந்தது. நேரம் போனது. எதிர்ச் சுவரில் வெயில் இறங்கியது. ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது. நான் முழங்கைக்காகக் காத்திருந்தேன், அவள் கட்டிக்காகக் காத்திருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

மறுபடி கொஞ்ச நேரம். எனக்கு நெளிய வேண்டியிருந்தது. அம்மாவின் விரல்கள் உடனே இறுகின.

"என்னா பாப்பா? வலிக்குதா? சொல்லு."

"ஒண்ணுக்கு வருதும்மா."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், புரியாத மொழியில் நான் பேசிவிட்டது போல. பிறகு என்னை அப்படியே இழுத்துக்கொண்டு நடைபாதைக் கடைசியில் இருந்த கழிவறைக்கு நடந்தாள். கதவைச் சாத்தவும் விடவில்லை. வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் போனதில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. சத்தம் கேட்கிறதே என்று நிறுத்தப் பார்த்தேன்.

"நிறுத்தாத," என்றாள் அம்மா வெளியிலிருந்து. அவள் அழுவது குரலில் தெரிந்தது. "நல்லாப் போ பாப்பா. நான் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன்."